எதிர்வெயிலில் சாலை தெரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

சாயங்காலம் சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கியோ, கோவையிலிருந்து பாலக்காடு நோக்கியோ ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. காலையில் அதே சாலைகளில் திரும்பி வருகிறவர்களுக்கும் அதே கதிதான். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் உதித்ததற்குப் பிந்தைய ஒன்றரை மணி நேரமும்தான் மோசம். சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் 5.40 வாக்கில் மறைகிறது. அப்படியென்றால் நாலு, நாலேகாலுக்கே தொல்லை தொடங்கிவிடும். ஜூலையில் மறைவது 6.38 வாக்கில் என்பதால் ஐந்து மணி வரை தப்பிக்கலாம்.

எல்லோரும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் பல வண்டிகளில் குற்றவாளி முன் கண்ணாடி. ஒரு துணியும் கால் மணி நேரமும் செலவழித்தால் தீர்கிற விஷயத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் கூலிங் கிளாஸ் வாங்குவது வீண். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சாலை மறைந்துவிட்டால்

மற்றதையெல்லாம் வீட்டில் படித்துக்கொள்ளலாம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைச் சட்டென்று மிதிக்காதீர்கள். பின்னால் வருகிறவருக்கும் அதே வெயில் முகத்தில் அடிக்கிறது. உங்கள் பிரேக் விளக்கு எரிவது அவருக்குத் தெரியாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பார்வையைச் சூரியனுக்குக் கீழே, இடது ஓர வெள்ளைக் கோட்டுக்கு இறக்குங்கள். சன் வைசரை இறக்குங்கள். டிம் லைட்டைப் போடுங்கள்.

கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். எதிர்வெயிலில் தண்ணீரும் தூசும் கலந்த படலம் ஓரிரு நொடிகளுக்குக் கண்ணாடி முழுவதையும் வெள்ளையாக்கிவிடும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் போகிறது. இரண்டு நொடி என்றால் ஒரு பஸ்ஸின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு. கழுவ வேண்டுமானால் நிழலில் அல்லது நிறுத்திக் கழுவுங்கள்.

அப்படியும் தெரியவில்லையா? இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, தார்ச்சாலையை விட்டு முழுக்க இறங்கி நில்லுங்கள். பெட்ரோல் பங்க் கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்டு விளக்கு நின்ற பிறகுதான். ஓடும்போது அதைப் போட்டால் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது யாருக்கும் புரியாது.

முதலில் இந்தச் சோதனை: கண்ணாடியா, கண்ணா?

சூரியன் தாழ்வாக இருக்கும் நேரத்தில், போக்குவரத்து இல்லாத இடத்தில், வெயிலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூரியனை நேராக மட்டும் பார்க்கக் கூடாது.

சூரிய வட்டத்தை வைசரால் மறைத்துக்கொண்டு, எதிரே உள்ள ஒரு பெயர்ப்பலகையையோ மரத்தடி நிழலில் நிற்கும் ஒரு வண்டியையோ பாருங்கள். பிறகு கீழே இறங்கி, அதே திசையில், சூரியனை உள்ளங்கையால் மறைத்தபடி அதே பொருளைப் பாருங்கள்.

- வெளியே தெளிவு, உள்ளே மங்கல்: கோளாறு கண்ணாடியில். அடுத்த நான்கு பகுதிகளைப் பாருங்கள்.
- இரண்டு இடத்திலும் மங்கல்: மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் மங்கல் என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.
- இரண்டு இடத்திலும் தெளிவு. சூரியனை மறைக்காதபோது மட்டும் கூசுகிறது: வண்டியில் குறையில்லை. ‘வைசர் எட்டவில்லை’ என்ற பகுதி உங்களுக்கு.

கண்ணாடி முழுக்கப் பால் தெளித்ததுபோல் மங்கல்

நிழலில் பார்த்தால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். எதிர்வெயில் விழுந்ததும் முழுதும் வெளுக்கும். அடிக்கடி வருகிற கோளாறு இதுதான்.

மங்கல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தை ஈரத் துணியால் துடைத்து உலர்ந்த துணியால் உலர்த்துங்கள். அந்த இடம் மட்டும் ஜன்னல் திறந்ததுபோல் தெளிந்தால் அழுக்கு உள்ளே. மாற்றமில்லை என்றால் வெளியே அதே இடத்தில் செய்து பாருங்கள்.

*உள்ளே படலம்.* வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிகிறது. கத்திரி வெயிலில் இரண்டு வாரம் திறந்தவெளியில் நின்ற வண்டிக்கு இதுவே போதும். தினமும் வண்டியில் ஊதுபத்தி ஏற்றுகிறவர்களுக்கும், கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் படலம் இன்னும் சீக்கிரம் வரும். சாமிக்கு ஏற்றுவதை வண்டிக்கு வெளியே ஏற்றினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

துடைக்கும் முறை: மருந்துக் கடையிலோ மின்னணுப் பொருள் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். இரண்டு மைக்ரோஃபைபர் துணி வேண்டும்: ஒன்று துடைக்க, ஒன்று உலர்த்த. கலவையைத் துணியில் தெளியுங்கள். கண்ணாடியில் தெளித்தால் டேஷ்போர்டில் வழிந்து கறையாகும். கதவுகளைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அருகில் நெருப்பு கூடாது. உள்பக்கத்தை இடவலமாகவும் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் துடையுங்கள். பிறகு கோடு தெரிந்தால், அது கிடையா நெடுக்கா என்பதை வைத்தே எந்தப் பக்கம் விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

அதிகம் விட்டுப்போகிற இடம் கண்ணாடியின் அடிப்பகுதி. டேஷ்போர்டும் கண்ணாடியும் சேரும் மூலைக்குக் கை போகாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலில் துணியைச் சுற்றி உள்ளே விடுங்கள். ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் வண்டிகளில் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம். பழைய பனியன் துணி வேண்டவே வேண்டாம். பஞ்சு ஒட்டும், துவைத்த சோப்பின் மிச்சமே மறுபடி படலமாகும்.

*வெளியே டீசல் புகைப் பிசுக்கு.* வாளித் தண்ணீரில் கார் ஷாம்பு கலந்து கழுவி, மேலே சொன்ன கலவையால் ஒருமுறை துடைத்தால் போய்விடும். வாட்டர் சர்வீஸில் மெழுகுப் பூச்சு போடச் சொன்னால், கண்ணாடியில் படாமல் போடச் சொல்லுங்கள்.

*போர் தண்ணீர்க் கறை.* வெள்ளைத் திட்டுகளாக, துளி காய்ந்த வட்டங்களாக இருக்கும், ஷாம்புக்கு அசையாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஐந்து நிமிடம் கறைமேல் ஒட்டி வையுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெயிண்டில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவைக்கும் போகவில்லையென்றால் கறை கண்ணாடியை அரித்திருக்கும். அதற்குப் பாலிஷ் போடும் ஆள்தான் வேண்டும். வைப்பர் தண்ணீர்த் தொட்டியில் போர் தண்ணீரை ஊற்றினால் இதே கறையோடு, பீய்ச்சும் துளைகளும் அடைபடும். அதில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள்; அடைத்த துளையைக் குண்டூசியால் குத்தித் திறக்கலாம்.

பூஜை போட்ட சந்தனம், குங்குமம் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கட்டும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே வைத்த பொட்டு, மழையில் ஒருமுறை வைப்பர் ஓடியதும் அரைக் கண்ணாடிக்குச் சாயம் பூசிவிடும்.

வில் வடிவத்தில் கோடுகள் மின்னினால்

கோடுகள் வைப்பர் போகும் பாதையிலேயே வளைந்திருந்தால் காரணம் வைப்பர்தான்.

ரப்பரின் விளிம்பை ஈரத் துணியால் நீளவாக்கில் வழித்தெடுங்கள். துணி கறுக்கும், கறுப்பு நிற்கும்வரை வழியுங்கள். பிறகு தண்ணீர் விட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு போனால் வேலை முடிந்தது.

போகவில்லையா? ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். விறைத்திருந்தாலோ, விளிம்பில் வெட்டு விழுந்திருந்தாலோ பிளேடை மாற்றுங்கள். நம் வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் மாற்றினால் இரண்டு வேலைக்கும் ஆயிற்று. ஓட்டுநர் பக்கமும் மறுபக்கமும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கழற்றும்போது வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தினால் கண்ணாடியில் ஒரு மடித்த துண்டைப் போட்டுவையுங்கள். ஸ்பிரிங் இழுத்துக் கை விழுந்தால் கண்ணாடி விரியும்.

புது பிளேடு போட்டும் அதே இடத்தில் கோடு இருந்தால் அது கீறல். நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கண்ணாடிக் கடையில் சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் போட்டுப் பார்க்கலாம். நகம் மாட்டினால் பாலிஷ் போடாதீர்கள். அவ்வளவு ஆழத்துக்குத் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகி, அதன் வழியே சாலை வளைந்து தெரியும். எதிர்வெயிலைவிட அது மோசம். பற்பசையால் கீறல் போகும் என்று சொல்கிற வீடியோக்களை நம்பிக் கண்ணாடியைத் தேய்க்க வேண்டாம். பற்பசைக்கு அந்த வலு கிடையாது.

மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக மின்னினால்

எம்-சாண்ட், ஜல்லி லாரிகளுக்குப் பின்னாலேயே நெடுஞ்சாலையில் ஓடிய கண்ணாடிக்கு வரும் நோய் இது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நுண்குழி. விரல் நுனியால் தடவினால் சொரசொரப்பு தெரியும். துடைப்பு, பாலிஷ் எதற்கும் தீராது. லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டு ஓட்டினால் வராமல் தள்ளிப்போடலாம். வந்த பிறகு கண்ணாடியை மாற்றுவதுதான் வழி.

மாற்றும்போது:

- முன் கண்ணாடி லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய) கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள்.
- பணம் கொடுப்பதற்கு முன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலையை மெதுவாக இடவலம் அசைத்தபடி எதிரே உள்ள மின்கம்பத்தைப் பாருங்கள். கம்பம் நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம்.
- ஒட்டுப்பசை காய எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.
- கண்ணாடியில் கேமரா பொருத்திய, தானாகப் பிரேக் பிடிக்கும் வகை வண்டி என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் கேமராவை மறுபடி அளவுசெய்ய வேண்டும். தெருமுனைக் கடையில் அதற்குக் கருவி இருக்காது.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. தேய்மானத்துக்கு இழப்பீடு கிடைக்காது. கல் பட்டு விரிந்தால் முழுக் காப்பீட்டில் கிடைக்கும். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு (பழசானதற்காகக் குறைக்கும் தொகை) கிடையாது என்பதால் பெரும்பகுதி கிடைத்துவிடும்; 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போகும். சிறிய காருக்குச் சில நேரம் கைக்காசு போட்டு மாற்றுவதே லாபம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டேஷ்போர்டு கண்ணாடியில் பிரதிபலித்தால்

டேஷ்போர்டில் கிடப்பதையெல்லாம் எடுங்கள்: டோல் ரசீது, பார்க்கிங் சீட்டு, தண்ணீர் பாட்டில், மொபைல். பிள்ளையார் வெள்ளி நிறமோ தங்க நிறமோ என்றால் ஓட்டுநருக்கு எதிரே இல்லாமல் இடது ஓரத்துக்கு மாற்றுங்கள். வெள்ளைத் துண்டு விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். பளபளப்பில்லாத கறுப்புத் துணி விரிக்கலாம், வழுக்காத அடிப்புறம் உள்ளதாக. ஏர்பேக் மூடியின் மேல் எதுவும் வேண்டாம்.

எல்லாம் எடுத்தும் பிரதிபலிப்பு இருந்தால் டேஷ்போர்டு பாலிஷைச் சந்தேகப்படுங்கள். சர்வீஸ் விட்டு வந்த வண்டியில் பிளாஸ்டிக் ஈரமாக மின்னுவது சிலிக்கோன் பூச்சினால். பார்க்க நன்றாக இருக்கும், ஓட்ட நன்றாக இருக்காது. ஷாம்பு கலந்த ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தால் மங்கும். அடுத்த சர்வீஸில் ‘டேஷ்போர்டுக்குப் பாலிஷ் வேண்டாம்’ என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். உள்ளே பழுப்பு அல்லது வெளிர் நிறமாகவே வந்த வண்டிகளுக்கு, பிரதிபலிப்புக் கூச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் நல்ல பலன் தரும்.

வைசர் எட்டவில்லை; சூரியன் நேரே கண்ணில்

இருக்கையை உயர்த்துங்கள். சிறிது உயர்ந்தாலும் வைசரின் கீழ்விளிம்பு கண்ணுக்கு நெருங்கி வரும். விளிம்பு தொடுவானத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறக்கினால் சிக்னலும் பாலங்களின் பலகைகளும் மறையும். பக்கவாட்டு வெயிலுக்கு வைசரைக் கொக்கியிலிருந்து விடுவித்துக் கதவுப் பக்கம் திருப்பலாம்; புது ஓட்டுநர்கள் பலர் இதைச் செய்வதே இல்லை.

அதுவும் போதாவிட்டால் முன்விளிம்புள்ள தொப்பி போதும். கிளிப் மாட்டும் வைசர் நீட்டிப்பும் கடைகளில் உண்டு, ஆனால் குழிகளில் குலுங்கி மடங்கிக் கண்ணுக்கு நேரே தொங்கும் ரகம்தான் அதிகம். செய்தித்தாள், துண்டு மாட்டுவது வேண்டவே வேண்டாம்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். கறுப்பு ஃபிலிமுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. அபராதத்தை விடுங்கள், முன் கண்ணாடியைக் கறுப்பாக்கினால் பகல் வெயிலில் கிடைக்கும் சுகத்துக்கு இரவு முழுவதும் விலை கொடுக்க வேண்டும்.

முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளியைக் கூட்டுங்கள். வழக்கமாக மூன்று நொடி விடுகிறவர் எதிர்வெயிலில் ஐந்து நொடி விட வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் அது 110 மீட்டர். நெடுஞ்சாலை ஓரத்தில் 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும் சிறு கற்களை வைத்துக் கண்ணளவு பழகிக்கொள்ளலாம்: இரண்டு கல்லுக்கு நடுவே பாதிக்குச் சற்று மேல்.

சூரியன் சாலை முனையிலேயே உட்கார்ந்துவிட்டால் எந்த வைசரும் உதவாது. அப்போது செய்ய வேண்டியது டீக்கடையில் நிறுத்துவது. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இருபது, முப்பது நிமிடத்தில் அந்தக் கண்டம் தாண்டிவிடும்.

கூலிங் கிளாஸ் போட்டும் பலனில்லை

பவர் கண்ணாடியாக ஃபோட்டோகுரோமிக் போட்டிருக்கிறீர்களா? வெயிலில் கறுக்கும் அந்த வகை புற ஊதாக் கதிருக்குத்தான் வேலை செய்கிறது. முன் கண்ணாடி அதைத் தடுத்துவிடுவதால் காருக்குள் அது சரியாகக் கறுக்காது; மூக்குக் கண்ணாடிமேல் குற்றமில்லை. பவரோடு தனி கூலிங் கிளாஸ் போடுங்கள்.

வாங்கும்போது உள்பக்கக் காம்பில் வகை எண்ணைப் பாருங்கள். 2 அல்லது 3 ஓட்டுவதற்கு ஏற்றது. 4 என்று இருந்தால் ஓட்டக் கூடாது. அது 8 விழுக்காட்டுக்கும் குறைவான ஒளியையே விடும். சாம்பல் அல்லது பழுப்பு நிறம் எடுங்கள், சிக்னல் நிறம் மாறாது. காம்பு அகலமாக இருந்தால் பக்கத்தில் வரும் பைக் மறையும்.

போலரைஸ்டு உண்மையானதா என்று பார்க்க, மொபைல் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டால் உண்மை. இதே காரணத்தால் வண்டியின் திரை சில கோணங்களில் கறுப்பாகத் தெரியும். அது திரைக் கோளாறு அல்ல. மரநிழலோ சப்வேயோ வந்தால் நுழைவதற்கு முன்பே கழற்றுங்கள், நுழைந்த பிறகு அல்ல.

சிக்னலில் எந்த விளக்கு எரிகிறது என்றே தெரியவில்லை

சூரியன் சிக்னலுக்குப் பின்னால் இருந்தால் வைசரால் வட்டத்தை மறைத்துவிட்டுச் சந்திப்பின் மறுகரையிலும் இடது ஓரத்திலும் இருக்கும் கூடுதல் சிக்னலைப் பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கோளாறு வேறு: வெயில் சிக்னலின் வில்லைக்குள் நுழைந்து திரும்பி, மூன்று நிறமும் எரிவதுபோல் தெரியும். பழைய பல்பு வகையில் இது அதிகம். எது எரிகிறது என்று உறுதியாகத் தெரியாதவரை சிவப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவருக்கும் அது தெரிந்திருக்காது.

இரு சக்கர வண்டியில்: ஹெல்மெட் கண்ணாடி வெளுத்தால்

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாருங்கள். தெளிந்தால் கீறல். இது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், பாலிஷ் போடாமல் மாற்றுங்கள். ஹெல்மெட்டின் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் தனியாகக் கிடைக்கும். உலர்ந்த துணியால் தூசு துடைப்பதுதான் கீறலுக்கு முதல் காரணம். ஈரத் துணியை இரண்டு நிமிடம் போர்த்தி ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர் பட்டால் பாளம் பாளமாக வெடிக்கும்.

கறுப்புக் கண்ணாடி மட்டும் வைத்திருப்பவர்கள் ஆறரை மணிக்கு அதை ஏற்றிக்கொண்டு பூச்சியைக் கண்ணில் வாங்குகிறார்கள். தெளிந்த கண்ணாடியின் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டினால் போதும். தலையைச் சற்றுக் குனிந்தால் சூரியன் மறையும், நிமிர்ந்தால் சாலை தெரியும்.

வெயில் முதுகில், எனக்கு எல்லாம் தெரிகிறதே?

உங்களுக்குத் தெரிகிறது. எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரியவில்லை. டிம் லைட்டைப் போடுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இரு சக்கர வண்டிகளில் விளக்கு தானாக எரியும். பழைய வண்டிக்காரர்கள் கையால் போட வேண்டும். எதிரே வலப்புறம் திரும்பக் காத்திருக்கும் கார் உங்களைப் பார்த்துவிட்டது என்று நம்பி வேகம் கூட்டாதீர்கள். ரியர் வியூ கண்ணாடியில் வெயில் அடித்தால் கீழே உள்ள நெம்புகோலை இரவு நிலைக்குத் தள்ளுங்கள்.

இறங்கி நின்று பார்த்தாலும் மங்கல்

பவர் மாறியிருக்கலாம், மூக்குக் கண்ணாடியில் கீறல் இருக்கலாம். கண்ணாடிக் கடையில் பரிசோதித்தால் தெரியும். ஐம்பதைத் தாண்டியவருக்கு எதிர்வெயிலும் இரவில் எதிர் விளக்கும் சேர்ந்தே கூசத் தொடங்கினால், விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரிந்தால், கண்புரையைச் சந்தேகப்பட வேண்டும். அதற்குக் கண்ணாடிக் கடை போதாது, கண் மருத்துவரிடம் போங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது மற்றதில் மட்டும் மங்கல் என்றாலும், கூச்சத்தோடு வலியோ சிவப்போ இருந்தாலும் தள்ளிப்போடாமல் போங்கள். அதுவரை வேறொருவர் ஓட்டட்டும்.

பரிசோதனைக்குப் போகும்போதும் நீங்களே ஓட்டிப் போகாதீர்கள். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். பல மணி நேரத்துக்குச் சாதாரண வெளிச்சமே தாங்காது. ஓட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று விட்டவரிடமே கேட்டுக்கொண்டு, திரும்பும்போது ஆட்டோ பிடியுங்கள்.